விதி வேறு, முகம் வேறு

(இரண்டாமாண்டு மாணவி, இளம் அறிவியல் – கணிப்பொறி அறிவியல்)

இன்று மனுப் போடாத வீடு இல்லை; அந்த மனுவை இணையத்தில் போடாத வீடும் இல்லை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்ப அட்டை, பட்டா மாறுதல், கல்லூரிச் சேர்க்கை, உதவித்தொகை, இரயில் பயணச்சீட்டு என்று எதைத் தொட்டாலும் ஒரு திரையின் முன்னே போய் நிற்கிறோம். முன்பெல்லாம் மேசைக்கு அப்பால் ஓர் எழுத்தர் அமர்ந்திருந்தார். "ஏன் சார் முடியாது?" என்று அவரைக் கேட்கலாம். சில நேரம் சிடுசிடுப்பார். சில நேரம் விதிப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டுவார். இன்று அவர் இருந்த இடத்தில் வலைவாசல் இருக்கிறது. அதனிடம் "ஏன்?" என்று கேட்க வழியில்லை.

இந்த வலைவாசல்களை எழுதுகிறவர்கள் யார்? வானத்திலிருந்து வந்தவர்கள் அல்லர். நம்மைப் போலக் கணிப்பொறி படித்து வெளியேறிய மாணவர்களே. நாளை நம்மில் சிலரும் அந்த வேலைக்குப் போவோம். ஆதலால் அந்தத் தொழிலின் அடிப்படை ஒன்றைப் பற்றி என் கருத்தை நம் மலரின் வழியே சொல்ல விரும்புகிறேன். கருத்து சிறியது. ஒரு வலைவாசலின் விதி வேறு, முகம் வேறு. இரண்டையும் ஒரே இடத்தில் பிசைந்து வைக்கக் கூடாது. கணிப்பொறி நமது பாடமல்லவே என்று மற்றத் துறை நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது எழுதுகிறவரின் வசதியை மட்டும் பற்றிய பேச்சன்று. விண்ணப்பிக்கிறவரின் நியாயத்தைப் பற்றிய பேச்சுமாகும்.

விதி எது? முகம் எது?

எங்கள் பாடத்தில் இவற்றைப் 'பிசினஸ் லாஜிக்' என்றும் 'பிரசன்டேஷன்' என்றும் சொல்வார்கள். பெயரைக் கேட்டு மலைக்க வேண்டியதில்லை. நம் ஊரிலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலுக்கு எவ்வளவு சர்க்கரை, எந்தத் தீயில், எவ்வளவு நேரம் கிளற வேண்டும், எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்பது பக்குவம். அதைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பதா, அட்டைப் பெட்டியில் அடைத்துக் கொடுப்பதா என்பது கட்டு. பெட்டியின் நிறத்தை மாற்றினால் பக்குவம் மாறாது. பெட்டி அச்சடிக்கிறவர் அடுப்படிக்கு வந்து கரண்டியைப் பிடிக்க வேண்டியதுமில்லை. வலைவாசலிலும் இப்படித்தான். யாருக்குத் தகுதி உண்டு, எவ்வளவு கட்டணம், எந்தத் தேதி கடைசி, ஒருவர் எத்தனை முறை விண்ணப்பிக்கலாம் என்பவை பக்குவம்; அதாவது விதி. எழுத்தின் அளவு, பொத்தானின் இடம், கட்டங்களின் வரிசை, மொழி, நிறம் ஆகியவை கட்டு, அதாவது முகம்.

இரண்டுக்கும் நடுவில் எல்லைக்கோடு எங்கே என்பதில் புதியவர்கள் தடுமாறுவதுண்டு. ஓர் எடுத்துக்காட்டுப் பார்ப்போம். ஒன்றரை லட்சம் என்னும் எண்ணை 1,50,000 என்று காற்புள்ளி இட்டுக் காட்டுவது முகத்தின் வேலை. அந்த எண் வருமான வரம்புக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பது விதியின் வேலை. பிறந்த நாளை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் கேட்பது முகம். அதிலிருந்து வயதைக் கணக்கிட்டு, எந்தத் தேதியன்று பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பது விதி. 'காட்டுவது' முகம், 'தீர்ப்பது' விதி என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் வழி தவறாது.

இது நேற்று முளைத்த கருத்துமன்று. பின்னாளில் மாறக்கூடிய முடிவு எதுவோ அதைத் தனிக்கூறில் மறைத்து வையுங்கள் என்று டேவிட் பார்னாஸ் 1972-ல் எழுதினார். ஒரு சிக்கலின் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே எண்ண வேண்டும் என்பதை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1974-ல் வலியுறுத்தினார். நார்வே நாட்டு அறிஞர் டிரிக்வே ரீன்ஸ்காக் 1979-ல், அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது, 'மாடல் – வியூ – கன்ட்ரோலர்' என்னும் அமைப்பை வகுத்தார். நாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் எம்.வி.சி. அதுதான். இணையப் பக்கங்களின் அழகை உள்ளடக்கத்திலிருந்து பிரித்து எழுதும் சி.எஸ்.எஸ். 1996-ல் தரமாக ஏற்கப்பட்டது. ஆக, அறிவு பழையது; கடைப்பிடிப்பதில்தான் குறை.

பிசைந்து வைத்தால் என்ன கெடும்?

என் தோழி ஒருத்திக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அவளும் என்னைப் போலவே தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள். தந்தை நூற்பாலைத் தொழிலாளி. ஓர் உதவித்தொகைக்கு அவள் தன் கைப்பேசியிலிருந்தே விண்ணப்பித்தாள். அதை நடத்துபவர் யார் என்பது இங்கே தேவையில்லை. குடும்ப வருமானக் கட்டத்தில் சான்றிதழில் உள்ள தொகையை இட்டதும், சிவப்பு எழுத்தில் 'தகுதியில்லை' என்று ஆங்கிலத்தில் வந்தது. காரணம் ஒன்றும் இல்லை. வீட்டில் யாரும் அதை எதிர்த்துப் பேசவில்லை. "நமக்குக் கொடுத்து வைக்கவில்லை" என்று அவள் அம்மா சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து வேறொரு வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனோம். போனதுதான் போனோம், கணிப்பொறியில் ஒருமுறை போட்டுப் பார்ப்போம் என்றேன். அதே வலைவாசல், அதே வருமானம், அதே சான்றிதழ். விண்ணப்பம் எந்தத் தடையும் இல்லாமல் ஏறிவிட்டது!

எங்கள் துறை ஆசிரியரிடம் இதைச் சொன்னபோது, அந்தப் பக்கத்தின் மூலநிரலைத் திறந்து பார்க்கச் சொன்னார். உலாவியில் யாரும் திறந்து பார்க்கக்கூடியதுதான் அது. கைப்பேசிக்கென்று எழுதிய பக்கத்தில் பழைய வருமான வரம்பு ஓர் எண்ணாக அப்படியே எழுதப்பட்டிருந்தது. பெரிய திரைக்கான பக்கத்தில் உயர்த்தப்பட்ட புதிய வரம்பு இருந்தது. விதி மாறியிருக்கிறது, மாற்றம் ஒரு முகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, மற்றொரு முகத்துக்குப் போய்ச் சேரவில்லை. யாரும் வேண்டுமென்று செய்த தீங்கன்று. விதியை முகத்துக்குள் வைத்ததால் வந்த வினை.

என் தோழிக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் கைப்பேசி மட்டுமே வைத்திருக்கும் எத்தனை பேர் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள்? கணிப்பொறி உள்ள வீட்டுக்கு ஒரு நியாயம், கைப்பேசி மட்டும் உள்ள வீட்டுக்கு வேறொரு நியாயம் என்று ஆகிவிடவில்லையா? தமிழில் விதி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று சட்டம் வகுத்த முறை, மற்றொன்று தலையெழுத்து. எங்கள் வீடுகளில் முதல் பொருளை அறிந்தவர் குறைவு. இரண்டாம் பொருளை அறியாதவர் எவரும் இல்லை. திரை 'இல்லை' என்று சொன்னால் அதைத் தலையெழுத்தாகவே எடுத்துக்கொள்கிறார்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நாம்தான் அந்த இரண்டு பொருளையும் பிரித்துக் காட்ட வேண்டியவர்கள்.

இன்னொரு கேடும் இருக்கிறது. முகம் என்பது விண்ணப்பிக்கிறவரின் கைப்பேசிக்குள் வந்து இறங்கும் பொருள். வந்து இறங்கியதைக் கொஞ்சம் கணிப்பொறி தெரிந்தவர் திருத்திவிடலாம். ஒரு பொருளின் விலையை முகத்தில் வைத்து, அங்கிருந்து திரும்பி வரும் விலையை வழங்கி அப்படியே நம்பினால், முகத்தைத் திருத்துபவன் விலையையும் திருத்திவிடுவான். ஏழைக்கு வாசலை அடைக்கும் அதே தவறு கெட்டிக்காரத் திருடனுக்கு வாசலைத் திறந்தும் வைக்கிறது.

நாம் அன்றாடம் காணும் நல்ல சான்று

குறையை மட்டும் சொல்வது நேர்மையாகாது. இதைச் செம்மையாகச் செய்து காட்டும் அமைப்புகளும் நம் கண்முன்னே இருக்கின்றன.

சென்னைக்கும் செங்கோட்டைக்கும் இடையே ஓடும் பொதிகை விரைவு வண்டி ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் நின்று போகிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அதில் ஒரு படுக்கை கிடைப்பது எவ்வளவு அரிது என்பது சென்னையில் வேலை பார்க்கும் உறவினர் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். ஒருவர் நிலையச் சாளரத்தில் படிவம் எழுதி நிற்கிறார்; அதே நொடியில் இன்னொருவர் சென்னையில் கைப்பேசியில் விரலால் தட்டுகிறார். ஒரே படுக்கையை இருவருக்கும் கொடுத்துவிட முடியுமா? கொடுப்பதில்லை. ஏனெனில் சாளரமும் கைப்பேசியும் முகங்கள் மட்டுமே. படுக்கையை ஒதுக்கும் விதி வேறிடத்தில் இருக்கிறது.

அந்த விதியின் வரலாறு முகங்களின் வரலாற்றை விடப் பழையது. இரயில் முன்பதிவு 1980-களின் நடுவிலே கணிப்பொறிக்கு மாறத் தொடங்கியது. 1986-ல் இரயில்வே தகவல் அமைப்புகள் மையமான 'கிரிஸ்' நிறுவப்பட்டது. அது உருவாக்கிய 'கான்செர்ட்' என்னும் அமைப்பின் மூலம், தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து முன்பதிவு மையங்களும் 1999-ல் ஒன்றாக இணைக்கப்பட்டன. ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் பயணச்சீட்டு விற்கத் தொடங்கியது அதற்குப் பின்னர், 2002-ல். அதாவது, உள்ளே விதி ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது. வெளியே புதிய முகம் ஒன்று வந்து சேர்ந்தது. பிறகு கைப்பேசிச் செயலிகள் வந்தன. 2025-ல் 'ரயில்ஒன்' என்ற செயலியும் வந்தது. வண்டியில் உள்ள படுக்கைகளின் எண்ணிக்கையோ, யாருக்கு முன்னுரிமை என்னும் கணக்கோ இந்த முகங்களால் மாறிவிடவில்லை.

2024 நவம்பர் 1-ஆம் நாள் முதல், பயணத்துக்கு 120 நாட்களுக்கு முன்பே பதிவு செய்யலாம் என்றிருந்தது 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. நிலையச் சாளரத்தில் 60, கைப்பேசியில் 120 என்று எங்கேயும் இல்லை. எல்லா முகங்களும் ஒரே நாளில் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டன. என் தோழியின் உதவித்தொகை வலைவாசலில் நடக்காமல் போனது இதுதான்.

பால்கோவாக் கடையின் கல்லாவில் ஒட்டியிருக்கும் யு.பி.ஐ. கட்டத்தையும் எண்ணிப் பாருங்கள். 2016-ல் வந்த முறை இது. வாங்குபவர் ஒரு செயலியிலிருந்து பணம் அனுப்புகிறார். கடைக்காரர் வேறொரு செயலியில் பெற்றுக்கொள்கிறார். இருவரின் வங்கியும் வேறு. இருந்தும் பணம் போய்ச் சேருகிறது. பணத்தை ஒரு கணக்கில் கழித்து மற்றொன்றில் கூட்டும் விதி எந்தச் செயலியின் முகத்திலும் இல்லை. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் பொது அமைப்பிலும் வங்கிகளிலும் இருக்கிறது. அதனால்தான் 2022-ல் பொத்தான் கைப்பேசிகளுக்கும் பேச்சு வழியாகவே பணம் அனுப்பும் வசதியைக் கொடுக்க முடிந்தது. முகமே இல்லாத கைப்பேசிக்கும் விதி பொதுவாயிற்று!

வரி மாறிய நாள்

வணிகவியல் நண்பர்களுக்காக ஒரு சான்று. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணிக்குப் பெயர் பெற்ற ஊர். 2025 செப்டம்பர் 22-ஆம் நாள் சரக்கு மற்றும் சேவை வரி விகிதங்கள் மாற்றி அமைக்கப்பட்டபோது, மருத்துவப் பயன்பாட்டுக்கான காஸ், பேண்டேஜ் வகைகளின் வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது.

பட்டியல் போடும் கணிப்பொறியில் இந்த 12 எங்கே எழுதப்பட்டிருந்தது என்பதே கேள்வி. வரி விகிதங்களுக்கென்று தனி அட்டவணை வைத்திருந்தவர் அங்கே ஒரு வரி சேர்த்தால் போதும். பட்டியல் அச்சாகும் படிவத்திலேயே 12 என்று எழுதி வைத்திருந்தவர், விற்பனைப் படிவம், திருப்பிப் பெறும் படிவம், மாதக் கணக்கு, கைப்பேசித் திரை என்று எங்கெங்கே 12 இருக்கிறது எனத் தேடி அலைய வேண்டும். ஓரிடத்தை விட்டுவிட்டால் கணக்குத் தணிக்கையில்தான் அது வெளிப்படும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. 12-ஐ அழித்துவிட்டு 5 என்று எழுதினாலும் தவறாகும். செப்டம்பர் 21-ஆம் நாள் போட்ட பட்டியலை டிசம்பரில் மறுபடி அச்செடுத்தாலும் அதில் 12 தான் வர வேண்டும். எனவே விதி தன் தேதியோடு இருக்க வேண்டும்: இந்த நாள் வரை 12, இந்த நாள் முதல் 5. பழைய விதியை அழிக்காமல் புதிய விதியை அதன் கீழே எழுத வேண்டும். அரசாணைகள் அப்படித்தானே அடுக்கி வைக்கப்படுகின்றன? இந்த நுட்பத்தை முகத்துக்குள் செய்து பார்த்தால் முகம் தாங்காது. தனியே வைத்த விதிதான் தாங்கும்.

மாணவர் அனைவரும் அறிந்த மற்றொரு சான்று, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வந்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம். அது 2022 செப்டம்பர் 5-ஆம் நாள் தொடங்கப்பட்டது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவியருக்கும் அது 2024 டிசம்பர் 30-ஆம் நாள் விரிவுபடுத்தப்பட்டது. மாறியது என்ன? தகுதி பற்றிய ஒரு வாக்கியம். பெயர், வங்கிக் கணக்கு, கல்லூரி என்று கேட்கும் கட்டங்கள் அப்படியே இருந்தாலும் திட்டம் புதிய மாணவியருக்குப் போய்ச் சேரலாம். நல்ல நோக்கத்தோடு மேலே எடுத்த முடிவு கீழே உள்ளவளிடம் எத்தனை நாளில் வந்து சேரும் என்பது, அந்த வாக்கியத்தை மென்பொருளில் எத்தனை இடத்தில் மாற்ற வேண்டும் என்பதையும் பொறுத்தது.

தமிழுக்கும் இதில் பங்கு உண்டு

விதியையும் முகத்தையும் பிரித்தால் தமிழ் எளிதாக உள்ளே வரும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. விண்ணப்பத்தை மறுக்கும் விதியின் உள்ளேயே ஆங்கில வாக்கியத்தையும் எழுதி வைத்துவிட்டால், தமிழில் சொல்ல வேண்டும் என்னும்போது விதியையே பிரித்து மேய வேண்டியிருக்கிறது. அந்த அச்சத்தில், மேலே 'தமிழ்' என்று ஒரு பொத்தானை வைத்துத் தலைப்புகளை மட்டும் தமிழாக்கிவிட்டு, மறுப்புச் செய்தியை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுகிறார்கள். வரவேற்பு தமிழில், மறுப்பு ஆங்கிலத்தில்!

விதி தன் வேலையை மட்டும் செய்யட்டும். 'இல்லை, காரணம் எண் மூன்று' என்று அது சொல்லட்டும். அந்த மூன்றாம் காரணத்தை, "தங்கள் குடும்ப ஆண்டு வருமானம் வரம்பை விட மிகுதியாக உள்ளது, வரம்பு இவ்வளவு, தாங்கள் குறித்தது இவ்வளவு" என்று தமிழில் எடுத்துச் சொல்வது முகத்தின் பொறுப்பு. கண்பார்வை இல்லாதவருக்கு அதையே குரலில் சொல்லலாம். இணையம் இல்லாதவருக்குக் குறுஞ்செய்தியில் அனுப்பலாம். காரணம் ஒன்று, சொல்லும் வழி பல.

காரணம் சொல்வது சலுகையுமன்று. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், தன் 4-ஆம் பிரிவில், நிருவாக முடிவுகளுக்கான காரணங்களைப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பொது அதிகார அமைப்புகள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. முடிவைத் திரை எடுத்தாலும் இந்தக் கடமை மாறாது. விதி ஓரிடத்தில் தெளிவாக எழுதப்பட்டிருந்தால், கேட்டவுடன் எடுத்துக் காட்டலாம். நாற்பது பக்கங்களின் மூலநிரலில் சிதறிக் கிடந்தால் யார் எதை எடுத்துக் காட்டுவது?

மறுப்புகள்

இதற்குச் சில மறுப்புகள் உண்டு என்பதை அறிவேன். எங்கள் வகுப்பிலேயே அவற்றைக் கேட்டிருக்கிறேன்.

முதல் மறுப்பு: 'சிறிய வேலைக்கு இவ்வளவு பிரிவினை எதற்கு? ஒரே கோப்பில் எழுதினால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுமே!' உண்மைதான். 1995-ல் வெளிவந்த பி.எச்.பி. மொழி இவ்வளவு விரைவாகப் பரவியதற்குப் பக்கத்தின் நடுவிலேயே நிரலை எழுதிவிடலாம் என்ற எளிமையும் ஒரு காரணம். ஒரு நாள் விழாவுக்குப் பெயர் பதியும் பக்கம் என்றால் அப்படியே எழுதுங்கள்; நான் வழக்காடவில்லை. ஆனால் பணம், தகுதி, கெடு என்ற மூன்றில் ஒன்று உள்ளே வந்துவிட்டால் அது சிறிய வேலை அன்று. ஒரு மணி நேரம் மிச்சப்படுத்தியவர் நாம். ஒரு நாள் கூலியை இழந்து மறுபடி மையத்துக்கு நடப்பவர் வேறொருவர்.

இரண்டாம் மறுப்பு: 'முகத்திலேயே சரிபார்த்தால் தவறு உடனே தெரியுமே, வழங்கிவரை போய்வர வேண்டாமே!' இதுவும் நல்ல கருத்துத்தான். கைப்பேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைந்தால் அப்போதே சுட்டிக்காட்டுவது பயனாளிக்குச் செய்யும் உதவி. அதை முகம் செய்யட்டும். ஆனால் முகம் சொல்வது நினைவூட்டலாக இருக்கலாமே தவிர, தீர்ப்பாக இருக்கக் கூடாது. கட்டணமும் வரம்பும் முகத்துக்குத் தேவையென்றால், அவற்றை விதியிடம் கேட்டுப் பெற்றுக் காட்டட்டும். தானே எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாம் மறுப்புத்தான் கடினமானது: 'எல்லா விதியும் எல்லா முகத்துக்கும் பொதுவாக இருக்க முடியுமா?' முடியாது. 2025 ஜூலையில், இணையத்தில் தட்கல் பயணச்சீட்டு எடுப்பவர் ஆதார் வழியே தம்மை உறுதிப்படுத்த வேண்டும் என்ற விதி வந்தது. ஆள் நேரில் நிற்கும் சாளரத்துக்கும் ஆளைக் காண முடியாத இணையத்துக்கும் ஒரே விதமான பாதுகாப்புப் போதாது. இத்தகைய வேறுபாட்டை வைக்கலாம். ஆனால் அதையும் விதியின் இடத்திலேயே எழுதி, வெளிப்படையாக அறிவித்து வைக்க வேண்டும். அறிவித்த வேறுபாடு கொள்கை. அறியாமல் நேர்ந்த வேறுபாடு அநீதி.

நாம் செய்யக்கூடியவை

கருத்தைச் சொல்லிவிட்டு ஒதுங்குவது எளிது. நம் கல்லூரியிலேயே செய்யக்கூடிய சிலவற்றைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

முதலாவது, நம் ஆய்வகச் செயல்திட்டங்களில் விதிக்கென்று தனிக்கோப்பு இருக்க வேண்டும். அந்தக் கோப்பில் எச்.டி.எம்.எல். குறி ஒன்றுகூட இருக்கக் கூடாது. முகத்தின் கோப்பில் வரம்பு, கட்டணம், கெடு ஆகியவற்றின் எண் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பார்த்தவுடன் கண்டுபிடிக்கக்கூடிய அளவுகோல் இது.

இரண்டாவது, திரையே இல்லாமல் விதியை ஓட்டிப் பார்க்க வேண்டும். வரம்புக்குச் சரியான தொகை, ஒரு ரூபாய் கூடுதல், ஒரு ரூபாய் குறைவு, ஒன்றும் எழுதாத கட்டம் என்று நான்கையும் கொடுத்து விடையைப் பார்ப்பது அரை மணி நேர வேலை. திரையோடு ஒட்டிக்கிடக்கும் விதியை இப்படிச் சோதிக்க முடியாது.

மூன்றாவது, வாய்மொழித் தேர்வில் ஆசிரியப் பெருமக்கள் ஒரு கேள்வியைக் கட்டாயமாகக் கேட்க வேண்டுகிறேன்: "நாளை இந்த வரம்பு மாறினால் எத்தனை இடத்தில் திருத்துவாய்?" 'ஓரிடத்தில்' என்று சொல்லி அதைக் காட்டும் மாணவனுக்குத் தனி மதிப்பெண் கொடுங்கள். பக்கத்தின் வண்ணங்களுக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் சிறிது இதற்கு மாற்றினாலும் போதும், நாங்கள் மாறிவிடுவோம்.

நான்காவது, இந்த வேலையைக் கணிப்பொறித் துறைக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது. விதி தனியே நின்றால் அதை வணிகவியல் மாணவர் படித்துச் சரிபார்க்கலாம். பொருளியல் மாணவர் விடுபட்டவர் யார் என்று கேட்கலாம். தமிழ்த்துறை மாணவர் மறுப்பு வாக்கியங்களை மனம் நோகாத தமிழில் எழுதித் தரலாம். பிசைந்து வைத்த நிரலை எழுதியவரைத் தவிர வேறெவரும் படிக்க முடியாது. சில மாதங்கள் கழித்து அவராலும் முடியாது.

நண்பர்களே! இராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் வந்து இங்கே படிக்கும் நம்மில் பலர், வீட்டில் எல்லாருக்கும் மனு எழுதிக் கொடுப்பவர்கள். திரைக்கு இந்தப் பக்கம் நிற்பதன் வலி நமக்குத் தெரியும். திரைக்கு அந்தப் பக்கம் போய் அமரும் நாளில் அதை மறந்துவிடக் கூடாது. முகம் ஆண்டுதோறும் மாறட்டும், இன்னும் அழகாகட்டும், சின்னக் கைப்பேசிக்கும் பெரிய திரைக்கும் ஏற்றபடி அமையட்டும். விதி மட்டும் ஓரிடத்தில், எல்லாருக்கும் ஒன்றாய், கேட்டவருக்குக் காரணம் சொல்லும் நிலையில் இருக்கட்டும். அப்படி எழுதப் பழகுவதற்கு நம் ஆய்வகத்தை விட ஏற்ற இடம் வேறில்லை. இந்த ஆண்டை விட ஏற்ற காலமும் இல்லை.